ஊர் கூடி விளைவித்த லாபம் யாருக்கு?

திருப்பூரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பனியன் கம்பெனியை அப்படியே பெயர்த்தெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தையல் மெஷின்கள், கட்டிங் மேஜை, ஆர்டர் புத்தகம், மானேஜர், முதலாளி எல்லாவற்றையும் சேர்த்து, சுற்று வட்டாரத்தில் வேறு கம்பெனியே இல்லாத ஒரு பொட்டல் காட்டில் கொண்டுபோய் இறக்குகிறோம். அதே மெஷின், அதே முதலாளி, அதே மூளை. மறுமாதம் அவர் எத்தனை டஜன் அனுப்புவார்?

முதல் வாரத்திலேயே ஓர் ஓவர்லாக் மெஷினில் லூப்பர் உடையும். திருப்பூராயிருந்தால் ஒரு பையனை வண்டியில் அனுப்பினால் போதும், டீ குடித்து முடிப்பதற்குள் சாமான் வந்துவிடும். காட்டிலே ஒரு நாள் முழுக்க மெஷின் சும்மா நிற்கும். கழுத்துப் பட்டிக்கு வேண்டிய ரிப் துணி பத்து கிலோ குறையும், எங்கே போவது? சாயம் ஒரு ஷேடு மாறி வந்திருக்கும். திருப்பி அனுப்ப எண்பது கிலோமீட்டர் லாரி. கப்பலுக்குச் சரக்கு ஏற்ற நான்கு நாள் இருக்கையில் இருபது டெய்லர் அதிகம் தேவைப்படும். காட்டிலே எந்த மரத்தடியில் டெய்லர்கள் காத்திருக்கிறார்கள்? மூன்று மாதத்துக்குள் அந்த முதலாளி மெஷின்களைக் கட்டி ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கே திரும்பி ஓடிவருவார்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கம்பெனியின் திறமை என்று அவர் கணக்கில் எழுதிக்கொள்வதில் பெரும்பகுதி கம்பெனியின் சுவருக்குள்ளே இல்லை. அது தெருவில் இருக்கிறது. பக்கத்துப் பட்டறையில், எதிர்த்த சந்தில், டீக்கடை பெஞ்சில், லைன் வீடுகளில் இருக்கிறது. நாமெல்லோரும் ஒரே ஊரில் நெருக்கிக்கொண்டு வாழ்வதில் இருக்கிறது. மேடை போட்டுப் பேசும்போது முதலாளிமார் இதைச் சொல்வதில்லை. தம் சொந்த உழைப்பாலும் சாமர்த்தியத்தாலும் மட்டுமே முன்னுக்கு வந்ததாகத்தான் சொல்லுவார்கள். அவர்கள் உழைக்கவில்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் அதே உழைப்பும் சாமர்த்தியமும் பொட்டல் காட்டில் ஏன் பலிக்கவில்லை என்று கேட்கிறோம்.

விவசாயத் தொழிலாளி சகோதரர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. மாட்டுச் சந்தையில் மாடு விற்க வந்த நூறு பேரும் ஒரே மைதானத்தில் ஏன் நிற்கிறார்கள்? ஒருவருக்கொருவர் போட்டிதானே? ஆளுக்கொரு ஊரில் தனியாக நின்றால் போட்டி இராதே! ஆனால் தனியே நிற்பவனிடம் வாங்குபவன் வரமாட்டான். நூறு மாடு நிற்கும் இடத்துக்குத்தான் தரகன் வருவான், லாடம் அடிப்பவன் வருவான், கயிறு விற்பவன் வருவான், லாரியும் வரும். கூட்டமே கூட்டத்தை இழுக்கிறது.

இதைப் பொருளாதார சாஸ்திரத்தில் எழுதிவைத்தவர் ஆல்பிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயர். 1890ல் வெளிவந்த அவரது பெரிய நூலில், ஒரே தொழில் ஓரிடத்தில் குவிவதற்கு மூன்று காரணங்கள் கூறுகிறார். தேர்ந்த தொழிலாளர் அங்கே எப்போதும் கிடைப்பர். துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கும். தொழில் நுட்பம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானே பரவும். அவர் காலத்தில் லங்காஷயரில் ஓல்டாம் நூல் நூற்றது, பர்ன்லி நெய்தது, மான்செஸ்டர் விற்றது, லிவர்ப்பூல் துறைமுகம் பஞ்சை இறக்கியது. ஒரு ஜில்லாவே ஒரே ஆலைபோல் ஓடிற்று.

மார்ஷலுக்கு முன்பே இதைக் கண்டவர்கள் உண்டு. மான்செஸ்டரில் தன் தந்தையார் பங்குகொண்ட பஞ்சாலையில் வேலை பார்க்க வந்த எங்கெல்ஸ், 1845ல் வெளியிட்ட நூலில் லண்டன் மாநகரத்தைப் பற்றிப் பேசுகையில், இருபத்தைந்து லட்சம் ஜனங்கள் ஓரிடத்தில் குவிந்ததால் அவர்களது சக்தி பன்மடங்கு பெருகியதைக் கண்டு வியக்கிறார். வியந்த கையோடு, அதற்கு அந்த ஜனங்கள் கொடுத்த விலை என்ன என்றும் கேட்கிறார். மார்க்ஸோ 1867ல் மூலதனத்தின் முதல் பாகத்தில் இன்னும் ஒருபடி போகிறார். முதலாளி ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனித்தனியே கூலி கொடுக்கிறான். ஆனால் அவர்கள் சேர்ந்து வேலை செய்யும்போது பிறக்கும் கூட்டுச் சக்திக்கு அவன் ஒரு காசும் கொடுப்பதில்லை. அது அவனுக்கு இனாம். ஆலைக்குள்ளே நடக்கும் கூட்டு வேலையைப் பற்றி அவர் கூறியது இது. ஓர் ஊர் முழுக்க நடக்கும் கூட்டு வேலைக்கும் அது பொருந்தாதா? பொருந்தும் என்பதே நமது கருத்து.

இந்த இனாம் எவ்வளவு பெரியது? அளந்து பார்த்திருக்கிறார்கள். 1996ல் சிக்கோன், ஹால் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் அமெரிக்காவின் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஓரிடத்தில் வேலை செய்வோரின் நெருக்கம் இரண்டு மடங்கானால் தலைக்கு உற்பத்தி சுமார் 6 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். நூறு உருப்படி செய்த கை நூற்றாறு செய்கிறது. கைக்கு வேகம் கூடிவிட்டதா? இல்லை. காத்திருக்கும் நேரம் குறைந்தது, சாமான் பக்கத்தில் கிடைத்தது, தெரிந்தவன் பக்கத்தில் இருந்தான், அவ்வளவுதான். ஆறு சதவீதம் சொற்பம் என்று நினைக்க வேண்டாம். நெருக்கம் ஒரு மடங்கல்ல, பல மடங்கு வித்தியாசப்படும் இடங்கள் உண்டு. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஆறு என்று அடுக்கிக்கொண்டே போனால் பட்டணத்துக்கும் பட்டிக்கும் நடுவே பெரிய பள்ளம் விழும்.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. பட்டணத்தில் போட்டி அதிகம், சோப்ளாங்கிக் கம்பெனிகள் செத்துவிடும், தேறியவை மட்டுமே நிற்கும், அதனால்தான் சராசரி உயர்ந்து தெரிகிறது என்று சிலர் வாதாடினார்கள். 2012ல் பிரான்ஸ் தேசத்துக் கம்பெனிகளின் கணக்கைக் கொண்டு கோம்ப், டுராண்டன் முதலிய ஐவர் இதைச் சோதித்து, அது காரணமல்ல என்று காட்டினார்கள். நெருக்கமான ஊரில் தேறாத கம்பெனியும் முன்பைவிட நன்றாகவே நடக்கிறது. தேறியதோ இன்னும் அதிகம் ஆதாயம் பெறுகிறது. ஊர்தான் கைகொடுக்கிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். திருப்பூர் ஏன் திருப்பூராயிற்று?

கொங்கு மண்ணின் கரிசலில் பருத்தி விளைந்தது. 1860களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை இந்த ஊர் வழியே போயிற்று. பருத்திச் சந்தை கூடிற்று, ஜின்னிங் ஆலைகள் வந்தன. பக்கத்தில் கோவையில் 1888ல் ஸ்டேன்ஸ் துரை பஞ்சாலை தொடங்கினார். 1932ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும், கோவை வட்டாரத்தில் மழைக்குக் காளான் முளைத்த மாதிரி ஆலைகள் முளைத்தன. பைக்காராவைக் கட்டியது யார்? எந்த மில் முதலாளியும் அல்ல. சர்க்கார், அதாவது வரி கட்டிய ஜனங்கள். மலையில் பாறை உடைத்தவர்கள் கூலிக்காரர்கள். அந்த மின்சாரம் இல்லாமல் கோவை இல்லை, கோவையின் நூல் இல்லாமல் திருப்பூர் இல்லை.

அந்த 1930களிலேதான் திருப்பூரில் பனியன் பின்னும் மெஷின்கள் வந்தன. அப்போதெல்லாம் பனியன் என்றால் கல்கத்தாதான். மெல்ல மெல்ல இங்கே மெஷின்கள் பெருகின. 1970களின் கடைசியில் வெளிநாட்டு வியாபாரிகள் இவ்வூரைத் தேடி வந்தனர். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். இன்று ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி. இந்தியாவிலிருந்து வெளியே போகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் இந்த ஒரு வட்டாரத்துச் சரக்கு.

இவ்வளவையும் செய்வது ஒரு ராட்சச ஆலையல்ல. இதைக் கவனிக்க வேண்டும். நூல் ஒருவரிடம், நிட்டிங் ஒருவரிடம், சலவை ஒருவரிடம், சாயம் இன்னொருவரிடம், காம்பாக்டிங், பிரின்டிங், எம்பிராய்டரி ஆளுக்கொரு பட்டறையில், லேபிள் அடிப்பவர் வேறு, அட்டைப் பெட்டி செய்பவர் வேறு, பட்டன் வேறு. ஒரு சட்டை கப்பலேறுமுன் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது! ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிறு முதலாளி, சில தொழிலாளிகள். எல்லோரும் சில மைல்களுக்குள்ளே. ஒரு கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் மெஷின் அடுத்தவன் ஜாப் ஒர்க்குக்கு ஓடும். புதிதாகத் தொடங்குகிறவன் எல்லா மெஷினும் வாங்க வேண்டியதில்லை, நாலு பவர் டேபிள் போட்டால் போதும், மற்றதெல்லாம் ஊரில் இருக்கிறது.

அப்படியானால் இது எல்லோருக்கும் திறந்துவிட்ட கதவுதானா? அங்கேதான் முடிச்சு இருக்கிறது. அபிஜித் பானர்ஜி, கைவன் முன்ஷி என்ற இருவர் இதே திருப்பூர்க் கம்பெனிகளை ஆராய்ந்து 2004ல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இவ்வட்டாரத்து நிலவுடைமைச் சமூகமான கவுண்டர்கள் தொடக்கத்திலேயே வெளியாரைவிடப் பன்மடங்கு மூலதனத்துடன் ஏற்றுமதியில் இறங்குகிறார்கள். ஆயினும் சில ஆண்டுகளுக்குள் குறைந்த மூலதனத்துடன் வந்த வெளியார் உற்பத்தியில் அவர்களை முந்திவிடுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, உறவைத் தேடிப் போயிற்று. நெருக்கம் என்பது தெரு நெருக்கம் மட்டுமல்ல. சாதியும் சம்பந்தமும் உள்ளே நின்று கதவைத் திறக்கின்றன, சாத்துகின்றன. ஒரே சந்தில் குடியிருந்தும், இருபது ஆண்டு ஓவர்லாக் ஓட்டிய தலித் தொழிலாளிக்கு அந்தக் கதவு எவ்வளவு திறந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன?

ஒன்றுமே கிடைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நெருக்கமான ஊர் தொழிலாளிக்கும் ஒரு ஆயுதம் கொடுத்தது. அதன் பெயர், பக்கத்துக் கம்பெனி.

ஊருக்கு ஒரே ஆலை இருந்தால் அந்த ஆலை முதலாளி வைத்ததே கூலி. மேஸ்திரி முறைத்தால் தலை குனிய வேண்டும். வேலை போனால் ஊரையே விட்டுப் போக வேண்டும். ஒரு தெருவில் நாற்பது கம்பெனி இருந்தால் கதை வேறு. பீஸ் ரேட் கட்டவில்லையா? திங்கட்கிழமை எதிர்த்த கட்டிடத்தில் சேர்ந்துகொள்ளலாம். கட்டிங் மாஸ்டரும் நல்ல டெய்லரும் இப்படி நின்று பேசியதால்தான் கூலி ஏறிற்று. முதலாளிமார் இதை ஆள் நிலைப்பதில்லை என்று புலம்புவார்கள். ஆர்டர் குறைந்ததும் ஆளை நிறுத்துகிற உரிமை அவர்களுக்கு வேண்டுமாம். கூலி குறைந்ததும் ஆள் நின்றுவிடுகிற உரிமை மட்டும் நமக்குக் கூடாதாம்!

நெருக்கம் தந்த இன்னொன்று சங்கம். லட்சம் பேர் ஒரே ஊரில், ஒரே தொழிலில், ஒரே டீக்கடையில் கூடும்போது கூலி ரகசியம் நிற்காது. 1984ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் பனியன் தொழிலாளர் 127 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். ஒரு கம்பெனியில் அல்ல, ஊர் முழுவதும். கம்பெனிவாரியாகப் பிரிந்து கிடந்திருந்தால் பத்து நாள் தாங்கியிருக்குமா? இன்றும் இவ்வூரில் முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து ஊருக்கே பொதுவான கூலி ஒப்பந்தம் பேசும் வழக்கம் இருக்கிறது. அது காகிதத்தில் உள்ளபடி எத்தனை கம்பெனியில் கிடைக்கிறது, காண்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு சண்டை.

சுற்றிலுமுள்ள கிராமங்களைப் பாருங்கள். விடியற்காலையில் கம்பெனி வண்டிகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. தோட்டக்காரர் முன்னே கைகட்டி நின்ற பண்ணையாளின் மகன் வண்டியேறிப் போகிறான். அவன் போனதால், போகாமல் காட்டு வேலைக்கே நின்றவருக்கும் கூலி கூட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லாக் கிராமத்திலும் இப்படி இல்லை. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இந்த வட்டாரத்தில் இரண்டு கிராமங்களை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றில் தலித் இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய் வருகிறார்கள்; பழைய கட்டுத் தளர்ந்திருக்கிறது. மற்றொன்றில் உள்ளூரிலேயே விசைத்தறிகள். அங்கே முன்பணம் கொடுத்து ஆளைப் பிடிக்கிறார்கள். கடன் தீரும்வரை தறியை விட்டுப் போக முடியாது. நிலத்தோடு கட்டிய பழைய கயிறு தறியோடு கட்டும் புதிய கயிறாயிற்று. இரண்டு ஊரும் ஒரே ஜில்லாத் தண்ணீரைக் குடிப்பவைதாம். வித்தியாசம் எங்கே? ஓர் ஊரில் விட்டுவிட்டுப் போக இன்னொரு வாசல் இருந்தது; மற்றதில் முன்பணம் அந்த வாசலைப் பூட்டிவிட்டது.

இதை முதலாளி வர்க்கமும் நன்றாகவே கற்றுக்கொண்டது. ஊரின் திறமை வேண்டும், ஊரிலுள்ள தொழிலாளியின் சுதந்திரம் வேண்டாம். என்ன செய்வது? நூற்பாலைகள் பல, பட்டணத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரத்துக்கும் கிராமங்களுக்கும் நகர்ந்தன. கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் ஆலையின் உள்ளேயே விடுதி கட்டினார்கள். தூரத்து ஜில்லாக்களின் ஏழைக் குடும்பங்களிலிருந்து சின்னஞ்சிறு பெண்களை அழைத்துவந்து, மூன்று ஆண்டு வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று ஆசை காட்டினார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயரும் வைத்தார்கள்! மூன்றாண்டு முடியுமுன் உடம்பு தாங்காமல் வீடு திரும்பிய பெண்களுக்கு அந்தத் தொகை கிடைக்காமற் போனதைப் பலர் விசாரித்து எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் நெருக்கம் உண்டு, ஓர் அறையில் எத்தனையோ பெண்கள். ஆனால் அங்கே பக்கத்துக் கம்பெனி கிடையாது. டீக்கடை கிடையாது. வாசலில் காவல்காரன்தான் உண்டு.

நெருக்கத்தின் விலையை யார் கொடுத்தார்கள்?

நொய்யலைப் பற்றிப் பேசாமல் திருப்பூரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் ஒரே ஊரில் நெருங்கி இருந்ததால் துணி சீக்கிரம் வந்தது. கழிவுநீரும் ஒரே ஆற்றில் சேர்ந்து வந்தது. பாசனத்துக்கென்று 1992ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணையைத் திறந்து தண்ணீர் விடுங்கள் என்று கேட்பதுதான் உலகத்து விவசாயிகளின் வழக்கம். இங்கே தயவுசெய்து திறக்காதீர்கள் என்று விவசாயிகள் மன்றாடினார்கள்! கிணறுகள் உப்பாயின. ஈரோடு, கரூர்ப் பக்கத்து வயல்களில் வேலை குறைந்தது. நிலம் உள்ளவர் கோர்ட்டுக்குப் போனார், நியாயம்தான். நிலமில்லாத கூலியாள், கெட்டுப்போன வயலில் இல்லாமற்போன வேலைக்கு எந்தக் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்பான்?

சாயப்பட்டறை முதலாளிமார் சுத்திகரிப்புக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்தார்கள். அந்த மிச்சம் சட்டையின் விலையில் குறைந்தது. வெளிநாட்டு வியாபாரிக்குச் சல்லிசாய்ப் போயிற்று. விலையைக் கொடுத்தவர் நொய்யல் கரைக் குடியானவர். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கண்டிப்பான உத்தரவு போட்டது. 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. அப்போதுதான் இந்த ஊர் எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. மூடியது சாயப்பட்டறை, நின்றது நிட்டிங், நின்றது கட்டிங், நின்றது தையல். சாயத்துக்குத் துணி வெளியூர் போக வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கான தொழிலாளர் மூட்டை கட்டினார்கள். கழிவைச் சுத்திகரிக்காதது முதலாளி, வேலையிழந்தது தொழிலாளி. பிற்பாடு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சர்க்கார் வட்டியில்லாக் கடன் தந்தது. முதலில் செலவிட வேண்டியதைச் செலவிடாதவருக்குப் பிறகு ஜனங்களின் பணம்!

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இன்னொரு பாடம். பீகார், ஒடிசா முதலிய மாகாணங்களிலிருந்து வந்த தொழிலாளர் ஊர் திரும்பினார்கள். கம்பெனி திறந்தபோது மெஷின் இருந்தது, கரண்ட் இருந்தது, ஆளில்லை. தங்க ஒரு நல்ல அறையும், இரண்டு மாதம் உண்ணச் சோறும் இவ்வூர் கொடுத்திருந்தால் அவர்கள் ஏன் நடந்தும் லாரியேறியும் போகிறார்கள்? முப்பதாயிரம் கோடி ஊரில் அதற்கு வழியில்லாமற் போயிற்று.

இனி வாடகைக்கு வருவோம். நெருக்கத்தால் விளைந்த ஆதாயத்தில் பங்கு கேட்க, நூல் பிடிக்காத, ஊசி பிடிக்காத ஒருவர் வரிசையில் முன்னால் நிற்கிறார்: நிலத்துக்காரர். ஊரில் கம்பெனி பெருகினால் அவர் ஒன்றும் செய்யாமலே அவரது சென்ட் நிலத்தின் விலை ஏறுகிறது. தொழிலாளிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கூலி கூடியதென்று வைத்துக்கொள்ளுங்கள்; லைன் வீட்டு வாடகை அறுநூறு கூடினால், சங்கம் போராடி வாங்கியது யார் பையில் விழுந்தது? வாடகை கொடுக்க முடியாதவர் முப்பது கிலோமீட்டர் தள்ளிக் குடியேறுகிறார். ஒன்றரை ஷிப்ட் முடித்து, பஸ் பிடித்து, வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். ஊர் நெருக்கத்தால் முதலாளிக்கு மிச்சமான நேரமெல்லாம் தொழிலாளியின் பஸ் பிரயாணத்தில் செலவாகிறது. இந்தக் கணக்கை எந்த நிபுணரும் உற்பத்தித் திறனில் கழிப்பதில்லை.

நிலத்தின் விலை மிஞ்சிப்போனால் என்ன ஆகும் என்பதற்குப் பம்பாய் சாட்சி. கிர்ண்காவ் என்றால் மராத்தியில் ஆலைக் கிராமம். ஒரு நூற்றாண்டாக ஆலைகளும் சால் வீடுகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்ற இடம். 1982 ஜனவரி 18ல் அங்கே இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். அது தோற்றது, அல்லது தோற்கடிக்கப்பட்டது. அதன் பிறகு பல முதலாளிகள் கணக்குப் போட்டார்கள்: துணி நெய்வதால் வரும் லாபத்தைவிட ஆலை நின்ற நிலத்தை விற்றால் வரும் லாபம் அதிகம். சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம்! 1991ல் போட்ட விதிப்படி விற்கும் ஆலை நிலத்தில் மூன்றிலொரு பங்கு நகரத்துக்கு வெளியிடமாகவும், மூன்றிலொரு பங்கு எளியோர் குடியிருப்புக்கும் போக வேண்டும். 2001ல் விதியைத் திருத்தினார்கள். கட்டிடமில்லாத காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்று ஆயிற்று. ஆலை என்றால் எங்கும் கட்டிடம்தானே. பங்கிட என்ன மிஞ்சும்? 2006ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. சங்கு ஊதிய இடத்தில் இன்று வானளாவிய மாளிகைகளும் அங்காடிகளும் நிற்கின்றன. அந்த நிலத்துக்கு அந்த விலையை உண்டாக்கியது யார்? நூறாண்டு அங்கே நெருங்கி வாழ்ந்து உழைத்தவர்கள். சென்னையில் பி அண்டு சி மில் 1996ல் மூடப்பட்ட பிறகு பெரம்பூரில் நடந்ததும் வேறு கதையல்ல.

இப்போது சர்க்கார்களும் இந்த ரகசியத்தைக் கண்டுகொண்டு, நெருக்கத்தைத் தாங்களே தயாரிக்கப் புறப்பட்டிருக்கிறார்கள். 2023ல் மத்திய சர்க்கார் ஏழு ஜவுளிப் பூங்காக்களை அறிவித்தது. தமிழ்நாட்டுக்கு வந்தது விருதுநகர் ஜில்லா இ.குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கரில். நூல் முதல் சட்டை வரை எல்லாம் ஓரிடத்தில் என்கிறார்கள். ஜவுளி வேலை தென் ஜில்லாக்களுக்கு வருவதை நாம் வரவேற்கிறோம். வானம் பார்த்த பூமியில் கூலி வேலை செய்து, ஆண்டில் பாதி நாள் சும்மா இருக்கும் குடும்பங்களுக்கு வேலை வேண்டும். அதற்காகத் திருப்பூருக்கும் கோவைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மாருக்கு அது பக்கத்திலே வந்தால் நல்லதே.

ஆனால் பூங்கா வேறு, ஊர் வேறு. ஊருக்குத் தெரு உண்டு. பூங்காவுக்கு மதில் உண்டு. நிலம், தண்ணீர், மின்சாரம், சாலை, சுத்திகரிப்பு எல்லாம் ஜனங்களின் செலவில் கூடும் இடத்தில் சில விஷயங்களை முன்கூட்டியே கேட்டாக வேண்டும். தொழிலாளி எங்கே குடியிருப்பார்? விடுதி என்றால் அதன் சாவி யாரிடம் இருக்கும், கம்பெனியிடமா, சர்க்காரிடமா? ஒரு கம்பெனியில் வேலையை விட்டவர் அன்றிரவே அறையைக் காலி செய்ய வேண்டுமென்றால், பூங்காவில் நூறு கம்பெனி இருந்தும் அவருக்கு ஒரே கம்பெனி இருப்பதாகத்தான் அர்த்தம். கூலி பூங்கா முழுவதற்கும் பொதுவாகப் பேசப்படுமா, கம்பெனிவாரியாகவா? தொழிற்சங்க ஊழியர் மதிலுக்குள் போக அனுமதி உண்டா? சாத்தூர், விருதுநகர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷிப்ட் நேரத்துக்குச் சர்க்கார் பஸ் ஓடுமா, அல்லது காண்ட்ராக்டர் வண்டிதான் கதியா? சாயத் தண்ணீர் எங்கே போகும், அதைத் தினமும் சோதிப்பவர் யார், சோதித்த கணக்கைக் கிராமத்தார் பார்க்க முடியுமா?

திருப்பூரிலும் கேட்க வேண்டியது இருக்கிறது. கூலி ஒப்பந்தப் பேச்சில் பஞ்சப்படிக்குப் பக்கத்தில் வீட்டு வாடகையும் பஸ் கட்டணமும் தனித்தனி இனமாக எழுதப்பட வேண்டும். அவை ஆண்டுதோறும் ஏறும் வாடகையோடு சேர்ந்து ஏற வேண்டும். ஏற்றுமதியாளரின் சங்கங்களும், ஊர் வளர்ந்ததால் விலை ஏறிய நிலங்களுக்கு மாநகராட்சி வசூலிக்கும் வரியும் சேர்ந்து, கம்பெனிகளுக்கு நடந்து போகும் தூரத்தில் தொழிலாளர் வீடுகள் கட்ட வேண்டும். வெளிமாகாணத் தொழிலாளியும் அந்த வீட்டுக்கு மனுப்போட உரிமை பெற்றவராக இருக்க வேண்டும்; அவர் பெயரும் சங்கத்தின் பட்டியலில், அவர் படிக்கிற எழுத்திலேயே, இருக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் லைன் வீட்டு வாடகை சென்ற ஐந்தாண்டில் எவ்வளவு ஏறியது, பீஸ் ரேட் எவ்வளவு ஏறியது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போகட்டும்.